முழு விலை

புத்தகத்துக்கு முழு விலை கொடுப்பவர்களை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அவர்களுக்கு வசதி இருக்கிறது, கொடுக்கிறார்கள். அவர்கள் கொடுப்பதால்தான் ஐந்தாறு வருடம் கழித்து அதே புத்தகம், அட்டை கொஞ்சம் மடங்கி, என் கைக்கு வந்து சேர்கிறது. அந்த வகையில் அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். வக்கீல் வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காபி சூடாக இருக்கிறது, அதற்கும் நன்றி. சொல்கிறேன்.

என் பெயர் வெர்னா ஹால்வர்சன். வயது அறுபத்து மூன்று. இதே டுலூத் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் முப்பத்தொரு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். கணவர் கார்டன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வாரத்துக்கு நாலு புத்தகம் படிப்பேன், குளிர்காலத்தில் ஐந்து. குடிப்பழக்கம் கிடையாது, சூதாட்ட விடுதிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. படிப்பது ஒன்றுதான் எனக்கிருந்த செலவு. ஓய்வூதியம் வர ஆரம்பித்த பிறகு அதையும் செலவில்லாமல் செய்யப் பழகிக்கொண்டேன்.

நூலகத்தில் வருடத்துக்கு இரண்டு முறை பழைய புத்தக விற்பனை வைப்பார்கள். எல்லோரும் முதல் நாள் காலையிலேயே வந்து முட்டி மோதுவார்கள். நான் கடைசி நாள், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போவேன். அப்போது ஒரு பை நிறைய எவ்வளவு அள்ளினாலும் ஐந்தே டாலர். வீட்டு வாசல்களில் மரப்பெட்டி வைத்து இலவசமாகப் புத்தகம் போடுகிறார்கள் அல்லவா, எந்தத் தெருப் பெட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போடுகிறார்கள், எதில் டயட் புத்தகம் மட்டும்தான் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் எல்லாவற்றையும்விட நல்லது, இறந்துபோனவர்களின் வீட்டில் நடக்கும் விற்பனை. வெள்ளிக்கிழமை அவர்கள் சொன்ன விலை, சனிக்கிழமை பாதி விலை, ஞாயிறு மதியத்துக்கு மேல் நாம் கேட்ட விலை. படுக்கையறைக்குள் போனால் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கிக் கிடக்கும். அதைப் பார்த்ததும் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அவர்களுக்கு அந்தப் புத்தகம் இனி வேண்டாம், எனக்கு வேண்டும். அவ்வளவுதானே.

சேர்த்து வைக்கும் ஆசையும் எனக்கு இல்லை. என் வீட்டை நீங்களே சோதனை போட்டீர்கள். இருபது புத்தகம்கூட இருந்திருக்காது. படித்து முடித்தால் யாருக்காவது கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியது படிப்பது மட்டும்தான்.

எய்னார் டோலெஃப்சன் என்ற பெரியவரோடு பழக்கம் ஏற்பட்டதும் அப்படித்தான். வெளியே வர முடியாத முதியவர்களுக்கு நூலகப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் அந்தப் புத்தகங்கள் என்னிடம் இருக்கும். நான் பெயர் கொடுத்தேன். என் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள், எய்னார் கடைசி. எண்பதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மேட்டுத் தெருவில் தனி வீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும். இரும்புத்தாதுக் கப்பல்களில் நாற்பது வருடம் இன்ஜினியராக இருந்தவர். இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் மற்றவர்கள் மதுக்கடை தேடிப் போக, இவர் பழைய புத்தகக் கடை தேடிப் போயிருக்கிறார். மாடி, கூடம், குளியலறைக்குப் போகும் வழி என்று எங்கும் அலமாரிகள். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பென்சிலால் துறைமுகத்தின் பெயர், தேதி.

அவ்வளவு புத்தகம் வைத்திருப்பவருக்கு நூலகம் எதற்கு என்று கேட்பீர்கள். கண். பெரிய எழுத்தில் அச்சிட்டதை மட்டும்தான் அவரால் படிக்க முடிந்தது. தன் புத்தகங்களை அவரால் தடவிப் பார்க்கத்தான் முடியும்.

முதல் நாள் பையை வைத்துவிட்டு நான் அப்படியே நின்றிருக்கிறேன்.

"மத்தவங்க பையை வெச்சுட்டு ஓடிருவாங்க," என்றார். "நீ என்ன, பேக்கரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிற?"

நான் ஏதோ மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போ. முடிச்சுட்டு வந்து எனக்குக் கதை சொல்லணும். ஒழுங்கா சொன்னா அடுத்தது. அதான் வாடகை."

அப்படித்தான் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணி. அவர் காபி போட்டு வைத்திருப்பார், கம்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் தட்டில் இருக்கும். நான் கதை சொல்வேன். எல்லாம் அவர் எப்போதோ படித்ததுதான். எதையாவது தாண்டிவிட்டால் பிடித்துவிடுவார். "குதிரை செத்ததைச் சொல்லவே இல்லையே. பக்கத்தைப் புரட்டிட்டியா, இல்ல அழுகை வந்துருச்சா?" என்று சீண்டுவார். ஒரு புத்தகம் திரும்பி வந்தால்தான் அடுத்தது. பிறகு இரண்டாக்கினார், அப்புறம் மூன்று. சாவியும் ஒன்று கொடுத்தார். நான்கு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம் படித்தேன். ஒரு டாலர்கூடச் செலவில்லை. இன்னும் படிக்க வேண்டியவற்றை அலமாரி அலமாரியாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அறுநூற்று நாற்பது வந்தது. அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று கேட்டால் அந்த நான்கு வருடத்தைத்தான் சொல்வேன். கார்டன் கேட்டால் வருத்தப்படுவார், ஆனால் அதுதான் உண்மை.

பிப்ரவரி மாதம் இரண்டாவது செவ்வாய். காபியை ஊற்றிவிட்டு எய்னார் சொன்னார், மாதக் கடைசியில் அரிசோனாவுக்கு மகள் மார்லிஸ் வீட்டுக்கே போய்விடப் போகிறாராம். வீட்டை விற்க ஆள் பேசியாயிற்று. மினியாபோலிஸிலிருந்து ஒரு பழைய புத்தக வியாபாரி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லாரி கொண்டுவந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வாராம்.

"உனக்குப் பத்து புஸ்தகம்," என்றார். "எது வேணாலும் எடுத்துக்கோ, வெர்னா. நான் கேக்க மாட்டேன்."

பத்து. அவர் முகத்தில் பெரிய பரிசு கொடுத்த திருப்தி இருந்தது. கோடைக்காலம் வரைக்கும் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். இன்னொரு குளிர்காலம் தன்னால் ஆகாது என்றார். பனியைத் தள்ள ஆள் தேடித் தேடி அலுத்துவிட்டதாம். பிறகு, "மார்லிஸ் தினமும் வாசிச்சுக் காட்டுறேன்னு சொல்லிருக்கா. இனிமே கதைச் சுருக்கம் இல்ல, முழுசாவே கேக்கலாம்," என்று சிரித்தார்.

நான் நன்றி சொன்னேன். கோப்பைகளைக் கழுவி வைத்தேன். வழுக்கும் நடைபாதையில் மெதுவாக இறங்கி வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோபமே வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை.

யோசித்துத்தான் செய்தேன். எனக்கு வேண்டியது அவகாசம் மட்டுமே. கார்டனின் அம்மா ஒருமுறை இடுப்பு எலும்பு முறிந்து பதினோரு வாரம் மறுவாழ்வு மையத்தில் கிடந்தார். அத்தனை வாரமும் அவர் வீட்டுச் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். எய்னாருக்கும் அப்படி ஒன்று ஆனால் வியாபாரி வரமாட்டார், வீடு கைமாறாது, சாவி என்னிடம்தான் இருக்கும். பதினோரு வாரத்தில், வேறு வேலை வைத்துக்கொள்ளாவிட்டால், எழுபது புத்தகம் படிக்கலாம். அவருக்கும் நல்ல கவனிப்புக் கிடைக்கும், இந்த ஊரில் நல்ல செவிலியர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, பெட்டி கட்ட உதவுகிறேன் என்று போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அரை மணி நேரம் கண்ணயர்வார். அப்போது பேஸ்மென்ட்டுக்கு, அதாவது தரைக்கடியில் இருக்கும் அறைக்கு, இறங்கும் படிக்கு மேலிருந்த பல்பை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். அதற்கு முந்தின மாதம் அதை மாட்டியவளும் நான்தான். நாலாவது படியில் இரண்டு புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். வழவழப்பான மேலட்டை போட்ட கனமான புத்தகங்கள். இரண்டும் நான் ஏற்கெனவே படித்தவை.

எய்னார் தினமும் காலை ஏழு மணிக்குக் கீழே போய், வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பார்ப்பார். அதில் பார்க்க ஒன்றுமில்லை, தானாக ஓடுவது. கப்பல் பழக்கம். ஏழு மணிக்கு விழுவார், பத்து மணிக்கு நான் வந்து ஆம்புலன்சைக் கூப்பிடுவேன். மூன்று மணி நேரம் வலியைத் தாங்க வேண்டியிருக்கும், அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். காபி வாசனை இல்லை. பேஸ்மென்ட் கதவு திறந்திருந்தது. அவர் வீட்டுக்குள் பிடித்து நடக்கும் வாக்கர் படி விளிம்பில் நின்றிருந்தது.

"வெர்னாவா?"

"நான்தான்."

"இடுப்பு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். அசைய முடியல. ஃபோன் பண்ணு."

ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். உண்மையாகவே எடுத்தேன். அவசர எண்ணின் முதல் ஒன்பதை அழுத்திவிட்டேன். அப்போது அவர் கீழிருந்து, நிதானமாக, ஒரு இயந்திரத்தில் என்ன கோளாறு என்று பார்ப்பவர் மாதிரிப் பேசினார்.

"படியில புஸ்தகம் இருந்துச்சு. நான் வைக்கல. நான் புஸ்தகத்தைக் காலடியில வைக்கிற ஆளில்லன்னு உனக்கே தெரியும்."

நான் அடுத்த எண்ணை அழுத்தவில்லை.

"லைட்டும் எரியல. அந்த பல்பை நீதானே மாட்டின?"

பாய்லர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, விடு," என்றார். குரல் மாறியிருந்தது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல ஃபோன் பண்ணு, வெர்னா. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அதை நான் நம்பினேன். எய்னார் சொன்ன சொல் மாறாதவர், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சாவியைத் திருப்பி வாங்கியிருப்பார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே மார்லிஸிடம், வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறு யாரையாவது வை என்று மட்டும் சொல்லியிருப்பார். அப்படியானால் அவர் விழுந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். பட்ட வலியெல்லாம் வீண்.

ஃபோனை அதன் இடத்தில் வைத்தேன். பேஸ்மென்ட் கதவைச் சாத்தினேன். கூடத்தில் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அப்போது நான் ஒரு நார்வே குடும்பத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன், ஐந்து பாகம். மூன்றாவது பாகத்தில் பாதி வந்திருந்தது. படிக்க ஆரம்பித்தேன். முதலில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு எதையோ எடுத்து வெந்நீர்க் குழாயில் தட்டினார். அந்தப் பழைய வீட்டில் எல்லா அறையின் குழாயும் ஒன்றோடொன்று இணைந்தது. அதனால் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தட்டுவது போலக் கேட்டது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. ஒரு பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பழகப் பழகச் சரியாகிவிட்டது.

ஒரு மணி வாக்கில் தட்டுவதை நிறுத்தினார். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்த பாகம் படிக்கிற?"

பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான்கு வருடப் பழக்கம்.

"மூணாவது," என்றேன்.

"அந்தப் பொண்ணு கப்பல் ஏறிட்டாளா?"

"இன்னும் இல்ல. அப்பா வேணாங்கிறார்."

"ஏறுவா. நாப்பது பக்கம் தாண்டு." மூச்சு வாங்கினார். "வெர்னா, ஒரு போர்வை மட்டும் போடு. தரை ரொம்ப ஜில்லுன்னு இருக்கு."

நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்கிறீர்கள். போர்வையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வரை போனேன். ஆனால் போர்வை போர்த்திக் கிடந்தால், யாரோ வந்துபோனது தெரிந்துவிடும் இல்லையா. மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். நாற்பது பக்கம் கழித்து அவள் கப்பல் ஏறினாள், அவர் சொன்னது சரிதான். மூன்றரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

புதன்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது தட்டும் சத்தம் இருந்தது. மெலிதாக, ஒழுங்கில்லாமல். நாலாவது பாகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. மார்லிஸாகத்தான் இருக்கும், எடுக்காவிட்டால் அவள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்வாள் என்று தெரியும். எடுத்தேன்.

அப்பா தூங்குகிறார் என்றேன். நேற்று பெட்டி கட்டியதில் களைத்துவிட்டார், எழுப்பட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு, "அது என்ன சத்தம், வெர்னா? யாரோ தட்டுற மாதிரி இருக்கே," என்றாள்.

ஃபோன் அடித்தது அவருக்கும் கேட்டிருக்கிறது. முந்தின நாளைவிட பலமாகத் தட்டினார். மூன்று, மூன்று, மூன்று.

"வெந்நீர்க் குழாய்தான்," என்றேன். "இந்தக் குளிருக்கு இப்படித்தான் கத்தும். உங்க ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிந்துகொள்வேன் என்றாள். அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்று வைத்தேன். சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மதியத்துக்கு மேல் வீடு அமைதியாகிவிட்டது. அன்று நாலாவது பாகத்தில் நூற்றெழுபது பக்கம் ஓடியது.

வியாழக்கிழமை அதை முடித்தேன். பிறகு கீழே போனேன். பல்பைத் திரும்ப முடுக்கினேன். புத்தகங்களில் ஒன்று அவருக்கு அடியில் இருந்தது, அதைத் தொடவில்லை. மற்றதை எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். மேலட்டை கிழிந்திருந்தது. அதன் பிறகுதான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். என் குரலில் நடுக்கம் இருந்தது என்று அன்று வந்த காவலர் எழுதியிருக்கிறாராம். அது நடிப்பில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அடக்கம் முடிந்து மார்லிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசிவரை அப்பாவுக்குத் துணையாக இருந்தது நீங்கள்தான் என்றாள். கோடை வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவளாகவே கேட்டாள். வியாபாரியையும் நானே கூப்பிட்டு, குடும்பம் துக்கத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்தது. ஐந்தாவது பாகத்தை முடித்தேன். கிரீன்லாந்துப் பனியில் நடந்தவர்களைப் பற்றி ஆறு புத்தகம், உப்பு வணிகத்தின் வரலாறு ஒன்று, திமிங்கிலம் பிடிக்கப் போன ஒருவனின் மனைவி எழுதிய நாட்குறிப்பு. இருபத்து மூன்று நாளில் இருபத்தொன்பது புத்தகம். கதை சொல்ல ஆளில்லாதது மட்டும் ஒரு குறை. ஓரிரு முறை பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், அவர் செவ்வாய்க்கிழமையே விழுந்துவிட்டார் என்று எழுதினார். புதன்கிழமை அப்பா தூங்குகிறார் என்று வெர்னா சொன்னாளே என்று மார்லிஸுக்கு நினைவு வந்தது. அந்தச் சத்தமும் நினைவு வந்திருக்கும். நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

ஆமாம். பல்பைத் தளர்த்தியது நான். படியில் புத்தகம் வைத்தது நான். கதவைச் சாத்திவிட்டு, ஒரு மனிதர் ஒன்றரை நாள் உயிரோடு கிடந்து தட்டுவதைக் கேட்டுக்கொண்டே படித்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று உங்கள் அதிகாரி பிராட்வோல்ட் அம்மா என் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அந்த அறுநூற்று நாற்பது பெயர்களையும் நகர நூலகத்தில் கொடுத்துத் தேடச் சொன்னாராம். அறுநூற்றுப் பதினொன்று கிடைக்கிறதாம். இங்கே இல்லாததை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்களாம். எதற்கும் காசில்லை.

"எல்லாமே இலவசம், மேடம்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பேரை எழுதி வெச்சுட்டுக் காத்திருந்தா போதும். இது உங்களுக்குத் தெரியாதா? அந்த நூலகத்துக்காகத்தானே வேலை பாத்தீங்க?"

தெரியும். அந்த நார்வே கதையின் ஐந்து பாகத்துக்கும் போன வருடமே பெயர் எழுதிப் பார்த்தேன். எனக்கு முன்னால் பதினாலு பேர் இருந்தார்கள். எய்னார் வீட்டில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார்.